லிங்க் கையில் இருந்தும் படம் வராதபோது: ஸ்ட்ரீம்லிங்க் மதிப்பீடு

பிரவுசரில் சேனல் அருமையாக ஓடுகிறது. அதே பக்கத்திலிருந்து எடுத்த எம்3யு8 (ஒளிபரப்புத் துண்டுகளின் பட்டியல்) முகவரியை விஎல்சி பிளேயரில் ஒட்டினால் ஒன்று, எதுவுமே வராது. அல்லது ஒரு நிமிடம் ஓடி உறைந்து நிற்கும். அல்லது இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. உடனே பிளேயரை மாற்றுவது, கோடெக் பேக் தேடுவது, பஃபரை ஏற்றுவது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. முகவரி என்பது பாதிதான். அந்த முகவரியை எந்த ஹெடரோடு (கோரிக்கையோடு போகும் குறிப்பு), எந்தக் குக்கியோடு (சர்வர் முன்பு தந்த அடையாளச் சீட்டு), எந்த நேரத்துக்குள், எந்த ஐபியிலிருந்து கேட்கிறோம் என்பதும் சேர்ந்தால்தான் சர்வர் படத்தைத் தரும். அந்த மீதிப் பாதியைக் கவனித்துக்கொள்ளும் கருவி என்ற அளவில்தான் ஸ்ட்ரீம்லிங்கை இங்கே எடை போடுகிறோம்.

ஸ்ட்ரீம்லிங்க் ஒரு பிளேயர் அல்ல. ஜன்னலோ பட்டன்களோ கிடையாது, டெர்மினலில் ஓடுவது. கவனிப்பாரற்றுப் போன லைவ்ஸ்ட்ரீமர் என்ற பழைய கருவியிலிருந்து 2016ல் கிளைத்தது. பைத்தானில் எழுதப்பட்டது, இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஒரு சேனல் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அந்தத் தளத்துக்கென்று இருக்கும் பிளக்இன் (துணை நிரல்) பக்கத்தைப் படித்து ஒளிபரப்பைக் கண்டுபிடிக்கிறது. துண்டுகளைத் தானே இறக்குகிறது. ஒட்டிச் சேர்த்து, குழாய் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குள் விடும் இணைப்பு) வழியாக பிளேயருக்குள் ஊற்றுகிறது. வேறு பிளேயர் சொல்லாவிட்டால் விஎல்சியைத் திறக்கும்.

விருப்பப் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தருகிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், முன்னால் இரட்டைக் கோடும் சொற்களுக்கு நடுவே ஒற்றைக் கோடும் போட்டு அடிக்க வேண்டும்.

நிறுவுவதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸ் விநியோகங்களின் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் பழையதாக இருக்கும். மற்ற மென்பொருளுக்கு அது பரவாயில்லை. இதற்கு ஆகாது. தளம் தன் பக்க அமைப்பை மாற்றிய மறுநாளே பழைய பிளக்இன் செத்துவிடும். "இந்த முகவரிக்கு பிளக்இன் இல்லை" அல்லது "ஓடக்கூடிய ஸ்ட்ரீம் எதுவும் இல்லை" என்று சொன்னால், வேறெதையும் தொடும் முன் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பைத்தான் நிரல்களை நிறுவும் பிப்எக்ஸ் மூலம் தனிச் சூழலில் போட்டுக்கொண்டால் புதுப்பிப்பது ஒரு வரி வேலை. விண்டோஸ் நிறுவியில் பைத்தானும் எஃப்எஃப்எம்பெக்கும் உள்ளேயே வந்துவிடுகின்றன.

எஃப்எஃப்எம்பெக் எதற்கு என்று சிலர் விட்டுவிடுவார்கள். படமும் ஒலியும் தனித்தனி ஓடைகளாக வரும் சேனல்களில் இரண்டையும் நேரம் பொருத்திக் கலப்பது அதுதான். அது இல்லையென்றால் ஸ்ட்ரீம்லிங்கால் கலக்க முடியாது. உயர்தரப் பட்டியல் குறைந்து போகும், அல்லது ஊமைப் படம் வரும். தரப் பட்டியலில் 1080பி காணோம் என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கருவிக்கு முன் எஃப்12

ஸ்ட்ரீம்லிங்க் நல்லதா இல்லையா என்று முடிவுகட்ட, அது என்ன வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பிரவுசரில் எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் டேபுக்குப் போய், பதிவை அழிக்காமல் வைத்திருக்கும் விருப்பத்தைத் தேர்வுசெய்து, அதன்பின் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். வரிசை முக்கியம்: டேப் திறக்கும் முன் போன கோரிக்கைகள் பட்டியலில் வராது, பிரதான பிளேலிஸ்ட்டோ முதல் இரண்டு விநாடிக்குள் போய்விடும். வடிகட்டியில் எம்3யு8 என்று அடியுங்கள். ஒன்றும் வரவில்லையானால் எம்பிடி. வீடியோ உறுப்பின் முகவரியில் பிளாப் என்று ஆரம்பிப்பதைக் காப்பி எடுப்பதில் பயனில்லை. அது பிரவுசரின் நினைவகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயர், வெளியே அதற்கு அர்த்தமே கிடையாது.

எம்3யு8 வந்தால் எச்எல்எஸ். ஆப்பிள் 2009ல் கொண்டுவந்தது, 2017ல் ஆர்எஃப்சி 8216 என்ற இணைய ஆவணமாக வெளியானது. எம்பிடி வந்தால் டாஷ், 2012ல் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: நிகழ்ச்சியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டிச் சாதாரண வெப் சர்வரில் வைப்பது, துண்டுகளின் பட்டியலை ஒரு சிறு உரைக் கோப்பாகத் தருவது. முழுநீள வீடியோக் கோப்பு என்று எதுவும் அங்கே கிடையாது.

எச்எல்எஸ் பட்டியல் இரண்டு அடுக்கு. மேல் பட்டியலில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு ஸ்ட்ரீம்-இன்ஃப் வரி: பேண்ட்விட்த் 2800000, ரெசல்யூஷன் 1280 x 720, கோடெக் ஏவிசி1.4டி401எஃப் என்பது போல. பேண்ட்விட்த் என்பது விநாடிக்கு இத்தனை பிட் என்ற உச்ச அளவு, சராசரி அல்ல. கோடெக்கின் வாலைப் படிக்கத் தெரிந்தால் பழைய பெட்டிகளில் படம் ஏன் வரவில்லை என்று ஊகிக்கத் தேவையில்லை. முதல் இரண்டு எழுத்தான 4டி, எச்.264 என்ற சுருக்க முறையின் மெயின் புரொஃபைல். கடைசி 1எஃப் என்பது பதினறும எண்ணில் 31, அதாவது லெவல் 3.1. அந்த இடத்தில் எச்விசி1 என்று இருந்தால் எச்இவிசி என்ற புதிய சுருக்க முறை. பழைய சிப்பு கைவிரித்துவிடும், ஒலி மட்டும் கேட்கும்.

கீழ் அடுக்கில்தான் உண்மையான துண்டுப் பட்டியல். டார்கெட்-டியூரேஷன் 6 (துண்டின் உச்ச நீளம், விநாடியில்), மீடியா-சீக்வென்ஸ் 48213 (முதல் துண்டின் வரிசை எண்), அதன்கீழ் ஐந்தாறு துண்டுகளின் பெயர்கள். நேரலையில் இந்தப் பட்டியல் நகரும் ஜன்னல்: சில விநாடிக்கு ஒருமுறை மறுபடி கேட்க வேண்டும், மேலே ஒன்று உதிரும், கீழே ஒன்று சேரும், சீக்வென்ஸ் எண் ஏறும். கடைசியில் எண்ட்லிஸ்ட் என்ற வரி இருந்தால் அது நேரலை அல்ல, முடிந்துபோன பதிவு. எண் ஏறாமல் அதே பட்டியல் திரும்பத் திரும்ப வந்தால் நிலையத்தின் என்கோடர் (படத்தைச் சுருக்கி அனுப்பும் கருவி) படுத்துவிட்டது என்று பொருள். அப்போது உங்கள் பக்கத்தில் எதை மாற்றினாலும் படம் நகராது.

இவ்வளவையும் ஸ்ட்ரீம்லிங்க் தானாகச் செய்கிறது, செய்வதை மறைக்காமல் சொல்லவும் சொல்கிறது. --லாக்லெவல் டீபக் என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பட்டியலை மறுபடி ஏற்றுவது, முதல் சீக்வென்ஸ், கடைசி சீக்வென்ஸ், எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது, எந்தத் துண்டு வரிசையில் சேர்ந்தது, எது எழுதி முடிந்தது என்று வரி வரியாக ஓடும். இந்தப் பதிவேட்டுக்காகவே இதை வைத்திருக்கலாம். விஎல்சியின் செய்தி ஜன்னலை கண்ட்ரோல்-எம் போட்டுத் திறந்து அளவை 2க்கு ஏற்றினாலும் தகவல் கொட்டும். ஆனால் அதில் வேண்டியதைப் பொறுக்குவது குப்பையில் ஊசி தேடுவது போலத்தான்.

403ம் அதன் உறவினர்களும்

பிளக்இன் இல்லாத தளங்களும் நிறைய. அங்கே எஃப்12ல் கிடைத்த முகவரியை நேராகக் கொடுக்கலாம், முன்னால் எச்எல்எஸ்:// என்று ஒட்டி. தரமாக பெஸ்ட் என்று போடலாம். "720பி,பெஸ்ட்" என்று கமா போட்டால் முதலாவது இல்லாதபோது இரண்டாவதை எடுக்கும். முகவரியை மேற்கோள் குறிக்குள் போட மறக்காதீர்கள். டோக்கன் (சர்வர் தரும் தற்காலிக அனுமதிச் சீட்டு) உள்ள முகவரிகளில் ஆம்பர்சண்ட் குறி பெரும்பாலும் இருக்கும். மேற்கோள் இல்லாவிட்டால் டெர்மினல் அந்த இடத்தில் கட்டளையை வெட்டிவிடும், வாலில் இருந்த டோக்கன் சர்வருக்குப் போகவே போகாது. டோக்கன் தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல பேருக்கு வியாதி இதுதான்.

மேற்கோள் சரியாக இருந்தும் 403 வந்தால் சர்வர் உங்களை அடையாளம் கண்டு மறுக்கிறது. முதல் சந்தேகம் யூசர்-ஏஜென்ட், அதாவது கேட்கும் நிரல் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயர். விஎல்சி தன்னை விஎல்சி என்றே அறிமுகம் செய்துகொள்ளும், எம்பிவி என்ற பிளேயர் லிப்எம்பிவி என்று சொல்லும், எஃப்எஃப்எம்பெக் லாவ்எஃப் என்று சொல்லும். இந்தப் பெயர்களைக் கண்டாலே கதவைச் சாத்தும் சர்வர்கள் உண்டு. ஸ்ட்ரீம்லிங்க் இயல்பாகவே ஒரு பிரவுசரின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போகிறது, ஆகவே இந்தப் படி பெரும்பாலும் தானே தாண்டிவிடும்.

அடுத்தது ரெஃபரர், அதோடு ஆரிஜின். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாய் என்ற கேள்விக்குப் பதில் அவை. --எச்டிடிபி-ஹெடர் என்பதோடு பெயரும் சமக்குறியும் மதிப்பும் கொடுத்தால் எத்தனை ஹெடர் வேண்டுமானாலும் சேர்க்கலாம். இங்கே எழுத்துப் பிழை ஒன்று வேடிக்கை காட்டும். எச்டிடிபி தரத்தில் இந்த ஹெடரின் பெயரே ஒரு 'ஆர்' குறைவாகப் பதிவாகி, அப்படியே நிலைத்துவிட்டது. ஹெடராக அடிக்கும்போது அந்தத் தப்பான எழுத்துக்கூட்டுதான் சரி. எம்பிவியின் விருப்பமோ அகராதிப்படி இரட்டை 'ஆர்' கேட்கும். மாற்றி அடித்தால் ஹெடர் வடிவத்தில் பிழைச் செய்தியே வராது. சர்வர் அதைப் பொருட்படுத்தாமல் 403 தந்துகொண்டே இருக்கும்.

எந்த ஹெடர் அவசியம் என்று தெரிந்துகொள்ள ஊகம் வேண்டாம். நெட்வொர்க் டேபில் அந்தக் கோரிக்கையின் மேல் வலது கிளிக் செய்து கர்ல் (டெர்மினலில் ஒரு முகவரியைக் கேட்கும் கருவி) கட்டளையாகக் காப்பி எடுங்கள், டெர்மினலில் ஒட்டி ஓட்டுங்கள். பட்டியல் வந்தால், ஒரு ஹெடரை நீக்கி மறுபடி ஓட்டுங்கள். எதை எடுத்ததும் 403 விழுகிறதோ அதுதான் வேண்டியது. பத்துப் பதினைந்து ஹெடரில் வழக்கமாக ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். பதிலின் தலைப்பை மட்டும் கேட்கும் முறையில் சோதிக்காதீர்கள். அப்படிக் கேட்டாலே மறுக்கும் சர்வர்கள் உண்டு, இல்லாத கோளாறைத் தேடிப் போக நேரிடும்.

டோக்கன் வேறு வகை. முகவரியின் வாலில் எக்ஸ்ப் என்று பத்து இலக்க எண் இருந்தால் அது காலாவதி நேரம், 1970 ஜனவரி 1லிருந்து எண்ணிய விநாடிகள். 1700000000 என்றிருந்தால் 2023 நவம்பர் 14, உலகப் பொது நேரம் 22:13:20. அந்த விநாடிக்குப் பிறகு எந்த ஹெடரும் காப்பாற்றாது. சில டோக்கன்கள் வாங்கியவரின் ஐபியோடும் பிணைக்கப்பட்டிருக்கும்: மடிக்கணினியில் விபிஎன் போட்டு எடுத்த முகவரி, விபிஎன் இல்லாத டிவிப் பெட்டியில் ஓடாது. "நேற்று ஓடிய பிளேலிஸ்ட் இன்று ஓடவில்லை" என்பதன் முழு விளக்கமும் இந்தப் பத்தியில் இருக்கிறது. காப்பி அடித்த முகவரியைக் கோப்பில் சேமித்து வைப்பது நேற்றைய பஸ் டிக்கெட்டைச் சேமித்து வைப்பது போல.

பிளக்இன் உள்ள தளத்தில் ஸ்ட்ரீம்லிங்கின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. நீங்கள் கொடுப்பது நிலையான பக்க முகவரி. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புது டோக்கனை அது வாங்கிக்கொள்கிறது. மேல் பட்டியலைக் கேட்டபோது சர்வர் தந்த குக்கியைத் துண்டுகளைக் கேட்கும்போதும் அதே அமர்வில் கொண்டுபோகிறது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே டோக்கன் காலாவதியானால்? இதில் கருவி ஏமாற்றுகிறது. பட்டியலை மறுபடி ஏற்ற மூன்று முறை முயலும், பிறகு ஸ்ட்ரீம் முடிந்தது என்று விலகிவிடும். பெரும்பாலான பிளக்இன்கள் நடுவழியில் புது டோக்கன் வாங்கப் போவதில்லை. நாள் முழுக்க ஓட வேண்டிய திரைக்கு இதற்கு இரண்டு மாற்று. கட்டளையை முடிவற்ற சுழலுக்குள் போட்டு, நடுவே ஐந்து விநாடி தூங்கவிடுவது ஒன்று. --பிளேயர்-கன்டினியூவஸ்-எச்டிடிபி போட்டு, பிளேயர் மறுபடி கேட்கும்போதெல்லாம் ஸ்ட்ரீமைத் திறக்கச் செய்வது இன்னொன்று. அதற்கு பிளேயருக்கும் மறு இணைப்பு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். சுழல்தான் கண்ணுக்கு அசிங்கம், வேலைக்கு உத்தமம்.

404 (கேட்டது சர்வரில் இல்லை) கதை தனி. ஜன்னலை விட்டு உதிர்ந்த துண்டைக் கேட்டால் வருவது அது. அதற்குப் பெரும்பாலும் காரணம் நாமேதான்: பாஸ் பட்டன்.

குழாயின் விலை

ஸ்ட்ரீம்லிங்குக்கும் பிளேயருக்கும் நடுவே இருப்பது ஒரு குழாய், அதற்கு முன் 16 மெகாபைட் வளைய பஃபர். விநாடிக்கு 5 மெகாபிட் ஓடையில் அது சுமார் 25 விநாடிப் படம். பிளேயரில் பாஸ் அழுத்தினால் குழாய் அடைபடும், பஃபர் நிரம்பும், துண்டு இறக்குவது நின்றுவிடும். பட்டியலில் 6 விநாடித் துண்டு ஐந்து இருந்தால் ஜன்னலின் நீளம் 30 விநாடி. இரண்டு நிமிடம் கழித்து வந்து பிளே அழுத்தினால் நடுவில் இருந்த துண்டுகள் சர்வரில் இருக்காது. பதிவேட்டில் "துண்டுகள் தவறிவிட்டன, இதை ஆதரிக்கவில்லை, வெளிவரும் தரவு குழம்பும்" என்ற பொருளில் எச்சரிக்கை விழும். திரையில் படம் கட்டம் கட்டமாக உடையும். --ரிங்பஃபர்-சைஸ் 64எம் என்று ஏற்றினால் சிற்றிடைவேளைக்குத் தாங்கும். சாப்பிட்டுவிட்டு வந்து தொடர வேண்டும் என்றால் பாஸை நம்பாமல் --அவுட்புட் கொண்டு கோப்பில் பதிவு செய்து, அந்தக் கோப்பை பிளேயரில் திறந்து பார்ப்பதுதான் சரி.

குழாயில் பின்னோக்கி நகர்த்தவும் முடியாது. இணையம் மெதுவானால் தரம் தானாக இறங்கவும் செய்யாது. தொடங்கும்போது 1080பி எடுத்தால் கடைசி வரை 1080பிதான், முடியவில்லையானால் திணறல்தான். பிரவுசர் பிளேயர் தரத்தில் இறங்கி ஓட்டும் இடத்தில் இது முரண்டு பிடிக்கும். நிலையான கம்பி இணைப்புக்கு இது வசதி. அடிக்கடி ஏறி இறங்கும் மொபைல் இணைப்புக்கு நேராக விஎல்சியே மேல்.

இன்னொரு சறுக்கல். திணறினால் விஎல்சியில் நெட்வொர்க்-கேச்சிங் அளவை ஏற்றுவது எல்லாருக்கும் பழக்கம். குழாய் வழியே வரும்போது விஎல்சியின் கண்ணில் அது நெட்வொர்க்கே அல்ல, கோப்பு. ஏற்ற வேண்டியது ஃபைல்-கேச்சிங். --பிளேயர்-ஆர்க்ஸ் வழியாக 5000 மில்லிவிநாடி கொடுத்தால் சின்னச் சின்ன விக்கல்கள் அடங்கும். துண்டுகள் தொலைவான சர்வரிலிருந்து மெதுவாக வந்தால் --ஸ்ட்ரீம்-செக்மென்ட்-த்ரெட்ஸ் 2 அல்லது 3 போதும். இயல்பு 1. ஜன்னலில் ஐந்தே துண்டு இருக்கும்போது பத்து வைப்பதில் லாபமில்லை, சர்வர் உங்களை முரடன் என்று எண்ணித் தடுக்கவும் கூடும்.

தாமதத்தைக் கட்டுப்படுத்துவது --எச்எல்எஸ்-லைவ்-எட்ஜ். இயல்பு 3: பட்டியலின் கடைசியிலிருந்து மூன்றாவது துண்டில் தொடங்கும். 6 விநாடித் துண்டானால் அந்த இடத்திலேயே 18 விநாடி பின்தங்கல். என்கோடர், விநியோக சர்வர் தாமதம் அதற்கு மேல். 1 என்று குறைத்தால் கோல் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டோடு ஓரளவு ஒத்துவரும், ஆனால் ஒரு துண்டு தாமதமானாலும் திரை உறையும். 2 நல்ல நடுநிலை. துண்டு நீளத்தைப் பார்க்காமல் இந்த எண்ணைத் தொடுவதில் அர்த்தமில்லை: 2 விநாடித் துண்டுள்ள சேனலில் 3 என்பதே வெறும் 6 விநாடிதான்.

விளம்பர இடைவேளை இதன் பலவீனமான இடம். சர்வரிலேயே விளம்பரத்தைச் செருகும் சேனல்களில், நிகழ்ச்சி விளம்பரமாக மாறும் இடத்தில் பட்டியலில் டிஸ்கன்டினியூட்டி என்ற வரி வரும். "இங்கே நேர முத்திரையும் கோடெக் அமைப்பும் மாறலாம், மறுபடி தொடங்கு" என்பது அதன் பொருள். துண்டுகளைக் கண்மூடி ஒட்டிக்கொண்டு போகும் கருவிக்கு அதை நேர்த்தியாகச் செய்யத் தெரியாது. ஸ்ட்ரீம்லிங்க் நேர்மையாக எச்சரிக்கை போட்டுவிட்டு அப்படியே ஊற்றும். விளைவாக ஒலி ஓடும், படம் நிற்கும். அல்லது நிகழ்ச்சி திரும்பியபின் உதடும் பேச்சும் பொருந்தாது. பிளேயரை மாற்றிப் பார்ப்பது பலனளிக்கக்கூடிய ஒரு சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. --பிளேயர் எம்பிவி என்று கொடுத்துப் பாருங்கள். அதுவும் தடுமாறினால் அந்தச் சேனலைப் பொறுத்தவரை பிரவுசர்தான் கதி.

--பிளேயர்-பாஸ்த்ரூ என்ற விருப்பத்தைப் பார்த்துக் குழாயே வேண்டாம் என்று தோன்றும். அது முகவரியை மட்டும் பிளேயரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கும். பாஸ், தர மாற்றம் எல்லாம் திரும்பக் கிடைக்கும். ஆனால் நீங்கள் சேர்த்த ஹெடர்களும் குக்கிகளும் கூடவே போகாது. ஹெடர் கேட்காத சேனலுக்கு மட்டும் அது பொருந்தும்.

செய்யாதவை

டிஆர்எம் (நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு) உள்ள ஒளிபரப்பு ஓடாது. அதைச் சுற்றிப் போகும் வேலையும் இந்தத் திட்டத்தில் கிடையாது, கேட்டால் நேராக மறுப்பார்கள். எது டிஆர்எம், எது சாதாரணக் குறியாக்கம் என்பதில் குழப்பம் வேண்டாம். பட்டியலில் கீ என்ற வரியில் மெத்தட் ஏஇஎஸ்-128 என்றிருந்தால் சாவி ஒரு சாதாரண முகவரியில் கிடைக்கும் 16 பைட். சரியான ஹெடரோடு கேட்டால் எல்லா பிளேயரும் திறக்கும். சாம்பிள்-ஏஇஎஸ் என்று இருந்தாலோ, டாஷ் பட்டியலில் கன்டென்ட்புரொடெக்ஷன் என்ற பகுதி வைட்வைன், பிளேரெடி பெயரோடு இருந்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு அந்தச் சேனலின் சொந்தச் செயலியைப் பயன்படுத்துங்கள். மணிக்கணக்கில் ஹெடர் மாற்றி அலைவதை இந்த ஒரு பார்வை மிச்சப்படுத்தும்.

ஃபிளாஷ் காலத்து ஒளிபரப்பு முறையான ஆர்டிஎம்பி இப்போது இல்லை. 2021ல் வந்த 3.0.0 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ல் முடிந்தபின் அதற்கான தேவையும் வற்றிவிட்டது. பழைய பட்டியல்களில் ஆர்டிஎம்பி முகவரி இருந்தால் விஎல்சியிலோ எஃப்எஃப்எம்பெக்கிலோ கொடுத்துப் பார்க்கலாம், அந்த சர்வரே உயிரோடு இருப்பது அபூர்வம். கேமராக்களின் ஆர்டிஎஸ்பிக்கும் இதை எடுக்க வேண்டாம். எம்பிவி நேராகத் திறக்கும். விஎல்சியில் ஆர்டிஎஸ்பி பச்சையும் சாம்பலுமாகக் கலங்கினால் யூடிபி பொட்டலங்கள் தொலைகின்றன என்று பொருள், தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி வழியாக எடுக்கச் சொல்லும் விருப்பத்தைப் போட்டால் தெளியும். உள் வலையில் மல்டிகாஸ்ட்டாக (ஒரே ஓடை பலருக்கு) வரும் யூடிபி ஓடையும் விஎல்சியின் வேலைதான்.

டாஷ் ஆதரவு இருக்கிறது, எச்எல்எஸ் அளவுக்கு மெருகேறவில்லை. டாஷில் ஒரு தனித் தொல்லை கணினிக் கடிகாரம். இப்போது எந்தத் துண்டு வெளியாகியிருக்கும் என்பதைப் பல பட்டியல்களில் தற்போதைய நேரத்திலிருந்து கணக்கிட வேண்டியிருக்கும். உங்கள் கடிகாரம் 20 விநாடி முந்தியிருந்தால் இன்னும் பிறக்காத துண்டைக் கேட்பீர்கள், 404 வரும். பேட்டரி போன சிறு டிவிப் பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். நேரத்தை இணையத்தோடு ஒத்திசைத்தால் தீர்ந்தது.

பதிவு செய்வதில் குறை சொல்ல இடமில்லை. --அவுட்புட் போட்டுக் கோப்புப் பெயர் கொடுத்தால் மறு குறியாக்கம் எதுவும் இல்லாமல் வந்தபடியே எழுதும், பிராசஸருக்கு வேலையே இல்லை. விநாடிக்கு 5 மெகாபிட் ஓடை மணிக்கு 2.25 ஜிகாபைட் பிடிக்கும். கோப்பின் பெயருக்கு டிஎஸ் என்ற வால் கொடுங்கள். எம்பி4 என்று பெயர் வைத்தால் உள்ளே இருப்பது மாறிவிடாது, சில பிளேயர்கள் மட்டும் குழம்பும். எம்பி4தான் வேண்டும் என்றால் முடிந்தபின் எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி முறையில் மாற்றிக்கொள்வது சில விநாடி வேலை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை மூன்று. எம்பிவியோடு, வீடியோ இறக்கும் கருவியான ஒய்டி-டிஎல்பி சேர்ந்தால் பதிவு வீடியோக்களுக்கு ஸ்ட்ரீம்லிங்கைவிடத் தேவலாம். பின்னோக்கி நகர்த்தலாம், ஹெடரும் தானே போகும், ஷிஃப்ட்-ஐ அழுத்தினால் கேச் எத்தனை விநாடி நிரம்பியிருக்கிறது என்று திரையிலேயே தெரியும். நேரலையை நாள்முழுக்க ஓட்ட ஸ்ட்ரீம்லிங்க். கோடி என்ற டிவி மென்பொருளில் ஐபிடிவி சிம்பிள் கிளையன்ட் நிகழ்ச்சி அட்டவணையோடு சோபாவிலிருந்து பார்க்க வசதியானது. முகவரிக்குப் பின் ஒரு நெட்டைக் கோடு போட்டு யூசர்-ஏஜென்ட், ரெஃபரர் இரண்டையும் சேர்த்து எழுதலாம். ஆனால் காலாவதியாகும் டோக்கன் உள்ள சேனலைக் கோடியின் பட்டியலில் நேராக வைப்பது வீண். அந்த இடத்தில் ஸ்ட்ரீம்லிங்கை --பிளேயர்-எக்ஸ்டர்னல்-எச்டிடிபி முறையில், --பிளேயர்-எக்ஸ்டர்னல்-எச்டிடிபி-போர்ட் கொண்டு நிலையான போர்ட் எண் கொடுத்து ஒரு கணினியில் ஓடவிட்டு, கோடியின் பட்டியலில் அந்தக் கணினியின் உள்வலை முகவரியை எழுதுங்கள். டிவிப் பெட்டிக்கு ஹெடரும் தெரிய வேண்டாம், டோக்கனும் தெரிய வேண்டாம். ஒரு போர்ட்டுக்கு ஒரு சேனல்தான். நான்கு சேனல் என்றால் நான்கு முறை, நான்கு போர்ட்டில் ஓடவிட வேண்டும். அதோடு, அந்தப் போர்ட்டுக்குக் கடவுச்சொல் எதுவும் கிடையாது, ரவுட்டரில் அதை வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.